அளவறிந்து தைத்தவர்

‘ஆள் பாதி, ஆடை பாதி’ என்பது நம் நாட்டில் வழங்கும் பழமொழி. ஆடையை நெய்பவரை நாம் புகழ்கிறோம், விற்பவரை அறிவோம், ஆயின், அதனை உடம்புக்கு ஏற்ற உடையாக்கித் தருபவரைப் பெரும்பாலும் நினைப்பதில்லை. நீண்டு கிடக்கும் துணி ஒருவருடைய தோளுக்கும் மார்புக்கும் கைக்கும் பொருந்தும் சட்டையாவது எங்ஙனம்? மேடும் வளைவும் உடைய உடம்பின்மீது தட்டையான துணி சுருக்கமின்றி அமர்வது எவ்வாறு? இவ்வினாக்களுக்கு விடையறிந்த தொழிலாளர் சில பத்தாண்டுகளுக்கு முன்னர்த் தமிழ்நாட்டின் கடைத்தெருக்களில் எங்கும் இருந்தனர். அவர்கள் தொழில் செய்த முறையையும், அதனின்று நாம் கற்கத் தகுவதையும் இங்குக் காண்போம்.

தைத்தற்கலை தமிழர்க்குப் புதியது அன்று. புகார் நகரத்து வீதிகளில் வாழ்ந்த தொழிலாளரைக் குறிப்பிடும் சிலப்பதிகாரம், கொல்லர் முதலியோரோடு ‘துன்னகாரர்’ என்பாரையும் கூறுகின்றது. துன்னுதல் என்பது தைத்தல். எனினும், வேட்டியும் சேலையும் தறியினின்று இறக்கியவாறே உடுத்தத் தக்கவை. அவற்றிற்கு ஊசியின் உதவி வேண்டுவதில்லை. ஆங்கிலேயர் ஆட்சியில் அலுவலகங்களும் நீதிமன்றங்களும் கல்விக்கூடங்களும் பெருகியபோது சட்டையும் கோட்டும் காற்சட்டையும் பரவின. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், வேட்டியின்மேல் கழுத்துவரை மூடிய கோட்டு அணிந்து, தலைப்பாகையோடு பள்ளிக்கு வந்த ஆசிரியர் பலர்.

இவ்வுடைகள் ஊரெங்கும் பரவுதற்குத் தையல் இயந்திரம் பெருந்துணை செய்தது. பிரான்சு நாட்டுத் தையற்காரராகிய திமோனியே என்பவர் 1830ஆம் ஆண்டில் ஓர் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அவ்வகை இயந்திரங்கள் ஏறத்தாழ எண்பதைக் கொண்டு, பாரிசு நகரில் படைவீரர்க்கு உடை தைக்கப்பட்டது. தம் பிழைப்புப் பறிபோகும் என்று அஞ்சிய தையற்காரர்கள் 1831இல் அத்தொழிலகத்துள் புகுந்து இயந்திரங்களை உடைத்தெறிந்தனர். ஆயினும் முயற்சி நிற்கவில்லை. அமெரிக்காவில் எலியாஸ் ஹோவ் 1846இலும், ஐசக் சிங்கர் 1851இலும் தத்தம் இயந்திரங்களுக்குக் காப்புரிமை பெற்றனர். இவ்வியந்திரத்தில் ஊசியின் காது அதன் நுனியருகே அமைந்துள்ளது. மேல் நூல் துணியை ஊடுருவிக் கீழே ஒரு வளையமாக நிற்க, அடியில் பாபினில் உள்ள நூல் அவ்வளையத்தின் வழியே சென்று அதனைப் பூட்டிவிடும். நூல் ஓரிடத்தில் அறுந்தாலும் தையல் முழுதும் எளிதில் பிரியாமைக்கு இப்பூட்டே காரணம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சிங்கர் இயந்திரம் இந்தியாவுக்கு வந்தது. 1930களில் கல்கத்தாவில் உஷா இயந்திரம் செய்யத் தொடங்கினர். இயந்திரப் பெருக்கத்தை எதிர்த்துப் பேசிய காந்தியடிகளும், 1924இல், சிங்கர் தையல் இயந்திரம் தம் மறுப்புக்கு விலக்கானது என்று கூறினார். பாரிசில் தையற்காரர் பகையாகக் கருதி உடைத்த பொருளை இங்குள்ள தையற்காரர் சந்தனமும் குங்குமமும் இட்டுப் போற்றியது ஏன்? அங்கே இயந்திரம் பிறருடைய உடைமை. இங்கே அது, கடன்பட்டேனும் வாங்கித் தம் கடையில் வைத்துக்கொண்ட சொந்த உடைமை.

இனி, 1950களிலும் 1960களிலும் சிறு நகரங்களில் விளங்கிய தையற்கடை ஒன்றை மனக்கண்முன் கொண்டுவருவோம். தெருவை நோக்கிய சிறிய அறை. வெளிச்சம் விழும் வாயிலருகே தையல் இயந்திரம். உட்புறம் துணி வெட்டும் நீண்ட மேசை. மூலையில் கரி நிரப்பிய இஸ்திரிப் பெட்டி. ‘மாஸ்டர்’ என்று ஊரார் மதிப்போடு அழைக்கும் மூத்த தையற்காரர், அளவு நாடாவைக் கழுத்தில் மாலைபோல் இட்டு நிற்பார். கழுத்து, தோள், மார்பு, இடுப்பு, கைநீளம் என்று அவர் ஒவ்வொன்றாக அளந்து சொல்ல, உதவியாளர் குறிப்பேட்டில் எழுதுவார். துணியின் சிறு துண்டு ஒன்றும் அங்கே குத்தி வைக்கப்படும். ஒருவர் துணி மற்றொருவர் துணியோடு மாறாமைக்கு அது காவல். 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மெட்ரிக் அளவை படிப்படியாக நடைமுறைக்கு வந்தபின், துணிக்கடையில் கஜக்கோல் மறைந்து மீட்டர்க்கோல் வந்தது. தையற்காரரின் நாடாவிலோ அங்குலம் இன்றும் நிலைத்துள்ளது.

நாடா தருவன எண்களே. அவ்வெண்களுக்கு எட்டாதவற்றைத் தையற்காரரின் கண் அறியும். நாள்தோறும் சுமை தூக்கியவர்க்கு ஒரு தோள் சற்றே தாழ்ந்திருக்கும். முதியவர்க்கு முதுகு வளைந்திருக்கும். அவற்றை அவர் வாய்விட்டுக் கூறார். வந்தவர் மனம் நோகாவண்ணம் நினைவில் பதித்துக்கொண்டு, முதுகு வளைந்தவர்க்குச் சட்டையின் பின்புறத்தைச் சிறிது நீட்டி வெட்டுவார். இன்றேல் பின்விளிம்பு மேலேறி நிற்கும். தாழ்ந்த தோளுக்குக் கோட்டின் உள்ளே மெத்தை வைத்துச் சமப்படுத்துவார். பிறர் குறையைப் பேசாமலே சரிசெய்து தரும் இப்பண்பு, தொழில் நுட்பத்தினும் உயர்ந்தது அன்றோ?

வெட்டிய துணி மீண்டும் ஒட்டாது. ஆதலின், வெட்டுமுன் அவர் மிகவும் எண்ணுவார். பருத்தித் துணி முதல் சலவையிலேயே சுருங்கும் இயல்புடையது. அதனால் அதனை நீரில் நனைத்து உலர்த்திய பின்னரே மேசைமேல் விரிப்பார். சுண்ணக்கட்டியால் கோடுகள் வரைந்து, கோட்டுக்கு வெளியே தையலுக்கு வேண்டிய இடம் விட்டு, கத்தரிக்கோலை ஓட்டுவார்.

அளவெடுத்துத் தைக்கும் உடைகளுள் அருமையானது கோட்டு. வழக்கறிஞரும் அலுவலரும் அணிந்த அவ்வுடை, பலர்க்குத் திருமணத்தின்போது மட்டும் தைக்கும் ஒரே உடையாக இருந்தது. மேல்துணிக்கும் உள்துணிக்கும் இடையே, மார்புப் பகுதியில், விறைப்பான கித்தான் துணியை வைத்துக் கையால் தைப்பர். முதலில் நீண்ட நூலோட்டத்தால் பகுதிகளைத் தற்காலிகமாக இணைத்து, உடைக்குரியவரை வரவழைத்து அணிவித்துப் பார்ப்பர். இறுக்கமும் தளர்ச்சியும் உள்ள இடங்களைக் குறித்துக்கொண்டு, நூலைப் பிரித்துத் திருத்திய பின்னரே இறுதித் தையல் நிகழும். கம்பளித் துணியை ஈரத்தோடும் சூட்டோடும் அழுத்தினால், அது வேண்டுமிடத்தில் சுருங்கியும் நீண்டும் வளைவு கொள்ளும். தட்டைத் துணி தோளின் வடிவைப் பெறும் மறைபொருள் இதுவே.

தையற்காரரின் முன்னறிவு சிறுவர் உடையில் நன்கு விளங்கும். பள்ளி திறக்கும் சூன் மாதத்தில் பெற்றோர் மகனை அழைத்து வருவர். “தம்பி வளர்கிற பிள்ளை, உள்ளே துணி விட்டுத் தைக்கிறேன்” என்பார் தையற்காரர். காற்சட்டையின் இடுப்பிலும் கால் மடிப்பிலும் ஓரிரண்டு அங்குலத் துணி உள்ளே மடிந்து கிடக்கும். அடுத்த ஆண்டு, சிறுவன் வளர்ந்தபோது, தையலைப் பிரித்து மடிப்பை இறக்கினால் உடை மீண்டும் பொருந்தும். பெரியோர் சட்டையில் கழுத்துப்பட்டை நைந்துபோனால், அதனைப் பிரித்து மறுபுறம் திருப்பித் தைத்துக் கொடுப்பார். இரண்டாம் உலகப்போரின்போது, துணித் தட்டுப்பாட்டால் 1943இல் அரசு கட்டுப்பாட்டு ஆணை பிறப்பித்த காலத்தில், இத்தகைய சிக்கனம் எத்தனை குடும்பங்களின் மானத்தைக் காத்திருக்கும்!

இத்தொழிலின் துன்பத்தையும் நாம் மறைத்தல் ஆகாது. தீபாவளிக்கு முன்னைய நாள்களில் தையற்கடைகளில் இரவும் பகலும் விளக்கு எரியும். பொத்தான் துளைக்கு நூல் சுற்றுதலைக் ‘காஜா எடுத்தல்’ என்பர். அவ்வேலைக்கு அமர்ந்த சிறுவர் பலர் உங்களினும் இளையவர். பள்ளியை விட்டு வந்தவர். ஊரார் புத்தாடைக்கு உறங்காது உழைத்த அவர்களுள் சிலர், தொழில் கற்றுத் தாமே மாஸ்டர் ஆயினர். சிலர் கண்ணொளி குன்றினர். 6 முதல் 14 வயது வரை உள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் கல்வி உரிமை என்று 2009ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகின்றது. அச்சிறுவர்க்கு வாய்க்காத பேறு இது.

காலம் மாறிற்று. 1980களிலும் அதன் பின்னும் ஆயத்த ஆடைகள் கடைகளில் நிறைந்தன. தொழிற்சாலையில் துணியைப் பல அடுக்குகளாக விரித்து மின்கத்தியால் ஒருங்கே வெட்டுவர். ஒருவர் கைப்பகுதியை மட்டும் தைக்க, மற்றொருவர் கழுத்துப்பட்டையை மட்டும் தைப்பார். வேலை விரைகின்றது, விலை குறைகின்றது. தைப்பதற்குக் காத்திராமல், எளியவரும் நினைத்த பொழுதே புத்தாடை வாங்குகின்றனர். இந்நன்மையை யாரும் மறுத்தல் இயலாது. ஆனால், அவ்வுடை 38, 40, 42 என்னும் எண்களுக்காகத் தைக்கப்படுவது. தோள் தாழ்ந்தவரையும் முதுகு வளைந்தவரையும் அவ்வெண்கள் அறியா. உள்ளே விடும் துணியும் மிகச் சிறிது. ஆதலின், வளரும் சிறுவனுக்கு அது நெடுநாள் உதவாது. பழைய தையற்காரருள் பலர் ஆயத்த ஆடையின் நீளத்தைக் குறைத்துத் தரும் பணியால் வாழ்கின்றனர். பலர் தொழிலையே விட்டனர்.

எனினும், இக்கலை முற்றும் மறைந்ததன்று. பெண்கள் பலர் தம் வீடுகளில் இயந்திரம் வைத்து அயலார்க்குத் தைக்கின்றனர். தமிழ்நாட்டரசு மாணவர்க்கு வழங்கும் விலையில்லாச் சீருடைகளை மகளிர் தையற்கூட்டுறவுச் சங்கத்தினர் தைத்துத் தருகின்றனர். உங்களுள் பலர் அணிந்திருக்கும் சீருடையிலும் ஒரு தாயின் உழைப்பு உள்ளது.

மாணவர்களே! உங்கள் சட்டையின் உட்புறத்தை ஒருமுறை திருப்பிப் பாருங்கள். வெளியே தோன்றாத அப்பகுதியிலேதான் தைத்தவரின் உண்மைத் திறம் புலப்படும். தையல் பிரிந்தால் உடனே எறிந்துவிடாமல், ஊசியும் நூலும் எடுத்துத் தைக்கக் கற்றுக்கொள்ளுங்கள். எத்தொழிலை மேற்கொள்ளினும், உங்களை நாடி வருவோரை வெறும் எண்ணாகக் கருதாது, ஒவ்வொருவரையும் அளவறிந்து போற்றுங்கள். அவர் வளர்தற்கும் சிறிது இடம் விடுங்கள்.