பின்சக்கரமும் திரும்பும் கார் – ஒரு மொழிபெயர்ப்புப் பாடம்

ஸ்டியரிங்கைத் திருப்பினால் காரின் முன்சக்கரங்கள் திரும்பும். பின்சக்கரங்கள் அவற்றைத் தொடர்ந்து செல்லும். இதுவே நாம் அன்றாடம் காண்பது. ஆனால் பின்சக்கரங்களும் திரும்பும் கார்களை ஜப்பானியர் 1980களில் விற்பனைக்குக் கொண்டு வந்தனர். 1985-இல் நிஸான் ஸ்கைலைன் காரில் 'ஹைகாஸ்' என்னும் அமைப்பு வந்தது. 1987-இல் ஹோண்டா பிரிலூட் காரும் மாஸ்டா கபெல்லா காரும் இத்தகைய அமைப்புடன் வெளிவந்தன. ஜப்பானில் விற்ற வண்டிகளைப் பழுது பார்க்கும் முறைகள் ஜப்பானிய மொழியில் எழுதப்பட்டவை. அவ்வண்டிகள் பிற நாடுகளுக்குச் செல்லும்போது மொழிபெயர்ப்பாளரின் துணை தேவையாகிறது. அப்பணியைச் செய்யும் என் பெரியப்பா சென்ற விடுமுறையில் எனக்குக் கற்பித்ததை என் தோழியருக்கும் கூற விழைகிறேன்.

முதலில் கருவியை அறிவோம்

குறுகிய இடத்தில் காரை மெதுவாகத் திருப்பும்போது, பின்சக்கரங்கள் முன்சக்கரங்களுக்கு எதிர்த்திசையில் திரும்பினால் சிறிய வட்டத்திலேயே வண்டி திரும்பிவிடும். வேகமாகச் செல்லும்போதோ, இரண்டும் ஒரே திசையில் சிறிதளவு திரும்ப வேண்டும். அப்போது வண்டியின் பின்பகுதி வீசப்படாமல் நிலையாக நகரும்.

ஹோண்டாவின் முறை எளிமையானது. முன்னிருந்து பின்னுக்குச் செல்லும் ஒரு தண்டும் பற்சக்கரங்களுமே அதன் உறுப்புகள். ஸ்டியரிங்கைச் சிறிது திருப்பினால் பின்சக்கரங்கள் ஒரே திசையில் 1.5 பாகை வரை திரும்பும். சுமார் 240 பாகைக்கு மேல் திருப்பினால் எதிர்த்திசைக்கு மாறி, 5.3 பாகை வரை செல்லும். வேகமான சாலையில் எவரும் ஸ்டியரிங்கை அவ்வளவு திருப்புவதில்லை அல்லவா? மாஸ்டாவின் முறையோ வேகத்தைப் பொறுத்தது. மணிக்கு சுமார் 35 கிலோமீட்டருக்குக் கீழே எதிர்த்திசை. அதற்கு மேலே ஒரே திசை.

இனிச் சொற்களைக் காண்போம்

நான்கு சக்கரங்களும் திரும்புவதை ஜப்பானியர் 'யோன்ரின் ஸோடா' என்பர். இது நாம் குடிக்கும் சோடா அன்று! 'டா' என்னும் எழுத்து கப்பலின் சுக்கானைக் குறிப்பது. அவ்வெழுத்தின் ஒரு பாதி 'படகு' என்னும் வடிவமே. கப்பலைத் திருப்பும் சுக்கான் பின்புறம்தானே இருக்கிறது! 'ஸோடா' என்பது ஓட்டுநர் செலுத்துவது; 'டென்டா' என்பது சக்கரம் திரும்புவது. இரண்டையும் ஒரே சொல்லால் பெயர்த்தால், ஸ்டியரிங்கின் 240 பாகை பின்சக்கரத்தின் கணக்கில் ஏறிவிடும்.

'ஹாண்டோரு ஓ கிரு' என்னும் தொடரை நான் அகராதியைப் பார்த்து, "கைப்பிடியை வெட்டு" என்று எழுதினேன். பெரியப்பா வாய்விட்டுச் சிரித்தார். ஆங்கிலத்திலிருந்து வந்த 'ஹாண்டோரு' அங்கே ஸ்டியரிங்கைக் குறிக்கும். அதை 'வெட்டுவது' என்றால் திருப்புவது.

ஜப்பானிய மொழியிலும் தமிழைப் போல வினைச்சொல் இறுதியில் வரும். "செய்யாதே" என்பதும் இறுதியில்தான். எனவே வாக்கியத்தை முழுவதும் படிக்காமல் பேனாவை எடுக்கக் கூடாது. மேலும், 'கோரின்' என்றால் ஒரு பின்சக்கரமா, இரண்டுமா என்பதைச் சொல் காட்டாது. படத்தைப் பார்த்தே அறிய வேண்டும்.

நான் செய்த பிழை

ஒரே திசை என்பதற்கு 'டோஇஸோ' என்றும், எதிர்த்திசை என்பதற்கு 'கியாகுஇஸோ' என்றும் எழுதுவர். இரண்டிற்கும் வேறுபாடு முதல் எழுத்து மட்டுமே. நான் என் நோட்டில் அவற்றை இடம் மாற்றி எழுதிவிட்டேன். இம்முறை பெரியப்பா சிரிக்கவில்லை. ஓர் அட்டையில் நான்கு தீக்குச்சிகளைச் சக்கரங்களாக வைத்து, நான் எழுதியபடியே திருப்பச் சொன்னார். வேகமாகச் செல்லும் வண்டியின் பின்பகுதி வெளியே வீசப்படும் என்பது எனக்கு உடனே விளங்கியது. அந்தத் தாளை நம்பி ஒரு மெக்கானிக் வேலை செய்திருந்தால்? அவ்வண்டியில் ஒரு குடும்பம் சென்றிருந்தால்? என் கை நடுங்கியது. நோட்டில் அந்தப் பக்கம் முழுவதையும் திரும்ப எழுதினேன்.

தோழியரே! நாமும் பல பாடங்களைப் பொருள் அறியாமல் மனப்பாடம் செய்கிறோம். சொல்லை அகராதி தரும். அச்சொல் குறிக்கும் பொருளை நாம்தான் கண்டறிய வேண்டும். நான் இப்போது எதையும் எழுதுமுன் ஒரு படம் வரைந்து பார்க்கிறேன். நீங்களும் அவ்வாறே செய்து பாருங்கள்.