சாறு ஒரு பக்கம், சக்கை ஒரு பக்கம்: சுழல் சாறு இயந்திரத்தை வடிவமைக்க ஒரு பாடம்

நெல்லி காய்த்துக் குலுங்குற நாள்லதான் விலையும் விழும். பறிகூலி கூடக் கட்டாதபோது, சாறாக்கி விற்கலாமே என்று எல்லோருக்கும் தோன்றும். எங்கள் குழுவுக்கும் அப்படித்தான் தோன்றியது. ஒரு சாறு இயந்திரத்தை வாங்கினோம். எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை. ஓட்டிப் பார்த்தால் சாற்றுக் குடத்தில் திப்பி மிதக்கிறது, சக்கை வாளியில் சாறு தேங்கி நிற்கிறது. கடைசியில் இரண்டு பெண்கள் உட்கார்ந்து வேட்டித் துணியில் போட்டுப் பிழிய வேண்டியதாயிற்று. இயந்திரம் வந்தும் கைவேலை போகவில்லை.

அதைப் பிரித்து மேய்ந்தபோது கற்றுக்கொண்டதுதான் இந்தப் பாடம். வாங்குகிறவர்கள் இதை வைத்துச் சோதித்து வாங்கலாம். லேத் பட்டறையில் செய்துகொள்ள நினைப்பவர்கள் அளவு சொல்லிச் செய்யலாம்.

சுழற்சி எப்படிப் பிழிகிறது?

தண்ணீர்க் குடத்தைக் கயிற்றில் கட்டி வேகமாகச் சுழற்றினால் தலைகீழாகப் போகும்போதும் தண்ணீர் கொட்டாது. சுற்றுகிற பொருள் எப்போதும் வெளிப்பக்கம் அழுத்துகிறது. தேனடையிலிருந்து தேன் எடுக்கும் கருவியும் துவைக்கும் இயந்திரத்தின் பிழியும் தொட்டியும் இதே வேலையைத்தான் செய்கின்றன.

அந்த அழுத்தம் எவ்வளவு என்று ஒரு கணக்குப் போடலாம். நிமிடச் சுற்றை 1000-ஆல் வகுத்து, வந்த எண்ணை அதே எண்ணால் பெருக்குங்கள். அதைச் சுழலும் கூடையின் ஆரத்தால் (செ.மீ.) பெருக்கி, பிறகு 11.2-ஆல் பெருக்குங்கள். வருகிற விடை, அந்த இடத்தில் பொருள் தன் எடையைப்போல் எத்தனை மடங்கு அழுத்துகிறது என்பதைக் காட்டும்.

ஆரம் 12 செ.மீ., வேகம் 2850 சுற்று என்றால் ஏறக்குறைய 1090 மடங்கு. அதாவது ஒரு கிராம் திப்பி ஒரு கிலோவுக்கு மேல் கனத்துச் சல்லடையை அழுத்தும். அதே கூடையை 1440 சுற்றில் ஓட்டினால் 280 மடங்குக்கும் சற்றுக் குறைவு. வேகம் பாதியானால் அழுத்தம் கால்பங்காகிவிடும். இது நினைவில் இருக்கட்டும், பின்னால் பாதுகாப்பைப் பற்றிப் பேசும்போதும் தேவைப்படும்.

கூடை நேரா, சாய்வா?

துவைக்கும் இயந்திரத்தின் தொட்டி நேர்ச்சுவர் கொண்டது. தண்ணீர் துளை வழியே போய்விடும், துணி அங்கேயே தங்கும். நாளைக்கு 20, 30 கிலோ காய் மட்டும் பிழிகிறவர்களுக்கு இந்த அமைப்பே போதும். துருவிய காயைத் துணிப்பையில் கட்டி, எடை ஒரு பக்கமாகச் சாயாமல் பரப்பி வைத்து, சுழற்றி, நிறுத்தி, பையை எடுத்துவிடலாம். சக்கை பைக்குள்ளேயே இருப்பதால் சாற்றில் கலக்க வழியே இல்லை.

நிறுத்தாமல் தொடர்ந்து ஓட வேண்டுமானால் சக்கை தானாக வெளியேற வேண்டும். அதற்குத்தான் புனல்போல மேலே விரிந்த கூடை. கூடையின் அடியில் துருவும் தட்டு இருக்கும். அது துருவித் தள்ளுகிற திப்பி சுவரில் ஒட்டி, சாற்றை இழந்துகொண்டே மேலேறி, விளிம்பைத் தாண்டி வெளியே விழும்.

சூட்சுமம் எல்லாம் சுவரின் சாய்வில்தான் இருக்கிறது. சாய்வு குறைந்தால் திப்பி ஏறாமல் அப்பிக்கொள்ளும், துளை அடைக்கும். சாய்வு கூடினால் சாறு இறங்குமுன்பே திப்பி ஓடிவிடும், சக்கை வாளி ஈரமாகிவிடும். நம் இயந்திரத்தில் நடந்தது இந்த இரண்டாவதுதான்.

சரியான சாய்வைக் கண்டுபிடிக்க ஒரு வீட்டுச் சோதனை உண்டு. கூடைக்கு வாங்கப்போகிற சல்லடைத் தகட்டில் ஒரு துண்டைத் தரையில் கிடத்துங்கள். கையால் நன்றாகப் பிழிந்த திப்பியை அதன்மேல் வையுங்கள். தகட்டின் ஒரு முனையை மெல்லத் தூக்குங்கள். எந்தச் சாய்வில் திப்பி வழுக்கத் தொடங்குகிறதோ, அதைவிடச் சற்றே கூடுதலாகக் கூடைச் சுவர் நிலைக்குத்திலிருந்து வெளியே சாய வேண்டும். சுழலும்போது கூடைக்குள் 'கீழே' என்பது வெளிப்பக்கம். அதனால்தான் தரையில் செய்த சோதனை அங்கேயும் பொருந்துகிறது.

சர்க்கரை ஆலைகளில் வெல்லப்பாகைப் பிரிக்கிற தொடர் சுழல் இயந்திரங்களின் கூடைச் சுவரும் ஏறத்தாழ 30 பாகை சாய்ந்துதான் இருக்கிறது. நாமும் அங்கிருந்தே தொடங்கலாம். அடி விட்டம் 12 செ.மீ., மேல் விட்டம் 24 செ.மீ. என்றால், 30 பாகை சாய்வுக்குக் கூடையின் நேர் உயரம் 10.4 செ.மீ. வரும். பட்டறையில் இந்த மூன்று எண்ணையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

சாறும் சக்கையும் சந்திக்காத விளிம்பு

பிரித்த சாறு மறுபடி சக்கையோடு சேர்வது பெரும்பாலும் விளிம்பில்தான். ஓடுகிற கூடைக்கும் நிற்கிற சாற்றுத் தொட்டிக்கும் நடுவே இடைவெளி விட்டே ஆக வேண்டும். அந்த இடைவெளி திறந்து கிடந்தால் சாறு தெறித்து மேலே வரும், சக்கை உள்ளே விழும்.

வீட்டுக் கூரையை நினைத்துப் பாருங்கள். சுவரைத் தாண்டி இறவாணம் நீண்டிருந்தால்தான் மழைத்தண்ணீர் சுவரில் இறங்காமல் வெளியே விழும். கூடையின் மேல்விளிம்பையும் 2 செ.மீ. வெளியே நீட்டி, நுனியை 1 செ.மீ. கீழே மடிக்க வேண்டும். சாற்றுத் தொட்டியின் சுவர் அந்த மடிப்புக்கு உள்ளே, தொடாமல் நிற்க வேண்டும். சக்கை நுனியிலிருந்து தொட்டிக்கு வெளியே பறந்துவிடும். தொட்டிச் சுவரின் மேல்விளிம்பைச் சற்று உட்பக்கம் வளைத்துவிட்டால், சுவரில் மோதி மேலேறும் சாறு அங்கே திரும்பிக் கீழே இறங்கும்.

தொட்டியின் அடி ஒரு பக்கம் சரிந்து, தாழ்ந்த இடத்தில் அகலமான வாய் இருக்க வேண்டும். சாறு நுரைக்கும். வாய் குறுகலாக இருந்தால் நுரை ஏறி விளிம்பைத் தாண்டிவிடும். மோட்டார் தண்டு வருகிற நடு இடத்தில் தொட்டியின் அடியைக் குழல்போல உயர்த்திவிடுங்கள். அப்போதுதான் சாறு பேரிங்குக்கும் கிரீஸ் சாற்றுக்கும் போகாது.

எந்த உலோகம்?

சாறு படும் இடமெல்லாம் 304 தர எவர்சில்வர்தான். நெல்லியில் புளிப்பும் துவர்ப்பும் சேர்ந்திருக்கிறது. இரும்பு பட்டால் துவர்ப்புச் சத்தோடு சேர்ந்து சாறு கறுத்துவிடும். பித்தளை, செம்பு, அலுமினியம் எதுவும் புளிப்புச் சாற்றுக்கு ஆகாது. பற்றவைப்பது ஆர்கான் வெல்டிங்காக இருக்கட்டும், வெல்டிங் போட்ட இடத்தை வழவழப்பாகத் தேய்த்துவிடுங்கள். கரடுமுரடான இடத்தில் திப்பி தங்கிப் புளிக்கும்.

சல்லடைத் துளை அரை மில்லிமீட்டர் அளவில் தொடங்கலாம். தகட்டின் வழவழப்பான பக்கம் உள்ளே வர வேண்டும், இல்லாவிட்டால் திப்பி ஏறாது. மெல்லிய தகடு வேகத்தில் பிதுங்காமல் இருக்க வெளியே வளையப் பட்டைகள் போடுங்கள்.

குறை தெரிந்தால் எங்கே பார்ப்பது?

சக்கையைக் கைப்பிடி எடுத்து இறுக்குங்கள். விரலிடுக்கில் சாறு சொட்டினால் பெரும்பாலும் காயை வேகமாகப் போடுகிறீர்கள் என்று அர்த்தம். சுவரில் திப்பி மெல்லிய படலமாகப் படிந்தால்தான் சாறு ஊடுருவும். மெதுவாகப் போட்டும் சொட்டினால் துளை அடைப்பையும், பிறகு வேகத்தையும் சாய்வையும் பாருங்கள்.

சாற்றில் திப்பி வந்தால் துருவும் பற்கள் மழுங்கியிருக்கலாம். மழுங்கிய பல் துருவாது, கூழாக்கும். கூழ் துளைக்குள் புகுந்துவிடும். நல்ல இயந்திரத்திலும் மிக நுண்ணிய திப்பி கொஞ்சம் வரத்தான் செய்யும், அதற்கு ஒரு துணி வடிகட்டல் போதும்.

இந்த அமைப்பு நெல்லி, கேரட், பீட்ரூட் போன்ற கெட்டியான காய்களுக்கு ஏற்றது. நெல்லியின் கொட்டையை முன்பே எடுத்துவிட வேண்டும். பழுத்த மாம்பழம், பப்பாளி, வாழை ஆகியவற்றுக்குக் கூழாக்கும் இயந்திரம் வேறு. கரும்புக்கு உருளைதான். ஒரே இயந்திரம் எல்லாம் செய்யும் என்று விற்கிறவர் சொன்னால், நம் காயைக் கொண்டுபோய்க் கண்முன்னே ஓட்டச் சொல்லுங்கள். காய், சாறு, சக்கை மூன்றையும் எடை போட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

உயிருக்கு ஆபத்து வராமல்

நாம் சொன்ன கூடையின் நீட்டிய விளிம்பு, 2850 சுற்றில் மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அது உடைந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. முதல் சோதனை 1440 சுற்றிலேயே நடக்கட்டும். புல்லியை மாற்றி வேகத்தைக் கூட்டுகிற வேலை மட்டும் வேண்டாம், வேகம் இரண்டு மடங்கானால் கூடை தாங்க வேண்டிய விசை நான்கு மடங்கு. கூடையை எடைச்சமன் பார்த்த பிறகே பூட்டுங்கள். தடித்த வெளியுறை, மூடி திறந்தால் மோட்டார் நிற்கும் சுவிட்ச், எர்த் இணைப்பு மூன்றும் கட்டாயம். ஓடும்போது கையையோ கரண்டியையோ உள்ளே விடக்கூடாது, தள்ளுகட்டை வைத்துத்தான் தள்ள வேண்டும். அதிர்வு புதிதாகத் தெரிந்தால் அன்றைக்கு வேலையை நிறுத்துங்கள்.

சக்கையும் காசுதான்

சக்கை நன்றாக உலர்ந்து வந்தால் சாறும் கூடும், சக்கையும் பயன்படும். ஈரச் சக்கை மறுநாளே பூசணம் பிடிக்கும். உலர்ந்து வருவதை அன்றே நிழலில் காயவைத்துப் பொடியாக்கலாம். மிச்சத்தைச் சாணத்தோடும் சருகோடும் கலந்து மட்கவிட்டால் மரத்தடிக்கே திரும்பிப் போகும்.

ஓட்டி முடித்த கையோடு கூடையைக் கழற்றி, திப்பி காய்வதற்குள் கழுவிவிடுங்கள். சாற்றை விற்பதென்றால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்த பிறகே விற்க வேண்டும். தனியொரு விவசாயிக்கு இந்தச் செலவு பாரம். பத்துப் பேர் சேர்ந்து ஒன்று செய்துகொண்டால், விலை விழுகிற நாளில் காயைப் பறிக்காமல் மரத்திலேயே விட வேண்டியதில்லை.