மோவாயில் கோடு போடுமுன்

மொகோக்சுங்
அக்டோபர் கடைசி வாரம்

அன்பு மகளே,

உன் கடிதம் கிடைத்தது. டெல்லியில் உங்கள் மாணவர் விழாவில் பேசப் போகிறாய், பழைய நாளில் நம் ஆவ் நாகா பெண்பிள்ளைகள் எப்படி வளர்ந்தார்கள் என்று எழுதி அனுப்புங்கள் அத்தை என்று கேட்டிருக்கிறாய். அதோடு நிறுத்தியிருந்தால் ஒரு பக்கத்தில் பதில் எழுதியிருப்பேன். கடைசி வரியில், குளிர்கால விடுமுறைக்கு வரும்போது கொள்ளுப்பாட்டியின் மோவாயில் இருந்த கோடுகளை உன் மோவாயிலும் பச்சை குத்திக்கொள்ளப் போவதாக எழுதிவிட்டாய். உன் அம்மா போனில் ஒரே அழுகை. நீங்கள் சொன்னால்தான் கேட்பாள் என்கிறாள். நான் வேண்டாம் என்று சொல்லப் போவதில்லை. உன் மோவாய், உன் தோல். ஆனால் நீ எதைக் குத்திக்கொள்கிறாய் என்று தெரிந்து குத்திக்கொள்.

என் பாட்டி அதைப் பற்றித் தானாகப் பேசமாட்டாள். கேட்டால் சொல்வாள். பத்து வயது தாண்டிய பெண்களைக் குளிர்காலத்தில் காட்டுக்குள் அழைத்துப் போவார்கள். குளிரில் புண் சீக்கிரம் ஆறும் என்பதால் அந்தக் காலம். ஊருக்குள் வைத்துக் குத்தக் கூடாது. ஆண்கள் யாரும் பக்கத்தில் வரவும் கூடாது. குத்துகிறவள் ஒரு கிழவி. பிரம்பு முட்களைக் கொத்தாகச் சேர்த்து ஒரு சின்ன மரப்பிடியில் கட்டியிருப்பாள். அதைத் தோலில் வைத்து மேலே தட்டத் தட்ட முள் இறங்கும், கறுப்பு மை உள்ளே போகும். பிள்ளை துள்ளாமல் இருக்க மற்றப் பெண்கள் கையையும் காலையும் அழுத்திப் பிடித்துக்கொள்வார்கள். ஒரே நாளில் முடிகிற வேலையும் இல்லை அது. ஒரு வருஷம் கெண்டைக்கால், பிறகு முழங்கால், மோவாய், மார்பு, கை என்று வருஷக்கணக்கில் போகும். சோங்லி வழியினருக்கு ஒரு மாதிரி, மோங்சென் வழியினருக்கு ஒரு மாதிரி. தெரிந்தவர்கள் காலைப் பார்த்தே இன்னார் வீட்டுப் பெண் என்று சொல்லிவிடுவார்கள்.

குத்திக்கொள்ளாத பெண்ணுக்குக் கல்யாணம் நடக்காது, அவளைப் பெற்றவர்களுக்கும் அவமானம். ஆகவே யாரும் பிள்ளையிடம் உனக்குச் சம்மதமா என்று கேட்டதில்லை. ஆனாலும் என் பாட்டிக்கு அந்தக் கோடுகள் மேல் கர்வம் இருந்தது. வலியைத் தாங்கியவள் என்ற கர்வம், இன்ன குலத்தவள் என்ற கர்வம். நீ அந்தக் கர்வத்தை மட்டும் எடுத்துக்கொள்ளப் பார்க்கிறாய். அதில் தப்பில்லை, ஆனால் மேடையில் பேசும்போது கையைக் காலைப் பிடித்துக்கொண்டவர்களையும் சேர்த்துச் சொல்.

அதே கடிதத்தில் 'நம் பெண்கள் என்றைக்குமே ஆணுக்குச் சமம்' என்று ஒரு வரி எழுதியிருக்கிறாய், லுங்தெரோக்கைச் சாட்சிக்கு இழுத்து. சுங்லியிம்தியில் ஆறு கல், அதிலிருந்து வந்த நம் முதல் மனிதர்கள் மூன்று ஆண், மூன்று பெண். உண்மை, ஆரம்பக் கணக்கு பாதிக்குப் பாதிதான். அங்கிருந்து இறங்கி நடந்து வந்த வழியில் எங்கேயோ கணக்கு மாறியிருக்கிறது. வரதட்சணை நம்மிடம் இல்லை, அதைத் தாராளமாகச் சொல். பெண்ணைத் திரைக்குப் பின்னால் ஒளித்து வைக்கும் வழக்கம் கிடையாது. விதவை மறுபடி கல்யாணம் செய்துகொள்ளலாம். இந்தியாவின் மற்ற இடங்களைப் பார்த்தால் இதெல்லாம் சின்ன விஷயம் அல்ல. நானும் பள்ளிக்கூடத்தில் இருபது வருஷம் இதையே பெருமையாகச் சொல்லிக்கொடுத்தேன். ஆனால் அந்த வரி உண்மையில் பாதி. பாதியை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தால் கைதட்டல் வரும். நம் ஊர்க்காரப் பெண் ஒருத்தி பின்வரிசையில் இருந்தால் தலையைக் குனிந்துகொள்வாள்.

அன்றைய பெண்பிள்ளையின் ஒரு நாளைச் சொல்கிறேன். கோழி கூவும்போதே எழுந்து நெல் குத்த வேண்டும். நீளமான மரக்கட்டையில் குழி வெட்டியிருக்கும், தாயும் மகளும் எதிரெதிரே நின்று உலக்கை போடுவார்கள். பிறகு தண்ணீர். நம் ஊர்களெல்லாம் ஏன் மலை முகட்டில் இருக்கின்றன என்று உனக்குத் தெரியும். தலை எடுக்க வருகிற எதிரியைத் தூரத்திலேயே பார்க்க வேண்டும். ஊற்று எங்கே இருக்கும்? கீழே, பள்ளத்தில். மூங்கில் குழாய்களை முதுகுக்கூடையில் அடுக்கி, கூடையின் பட்டையை நெற்றியில் மாட்டிக்கொண்டு அந்தச் செங்குத்தில் ஏறி வருவாள் பெண். ஊரின் பாதுகாப்புக்கு வாடகை கட்டியது அவள் முதுகு. திரும்பி வந்தால் பன்றிக்குத் தீனி, அடுப்பு, முதுகில் தம்பியோ தங்கையோ, பிறகு வயல். காட்டை வெட்டி எரிப்பது ஆண்கள் வேலை. அதற்குப் பிறகு களை பிடுங்கி, அறுத்து, சுமந்து வீடு சேர்ப்பதில் பெரும்பங்கு பெண்களுடையது. அதற்கு மேல் சேப்பங்கிழங்கு இலையைப் புளிக்க வைத்து அனிஷி தட்ட வேண்டும், அரிசிக் கள் போட வேண்டும். கள்ளைக் குடித்துப் பேசியவர்களின் பெயர்கள் கதையில் இருக்கின்றன.

பையன் வளர்ந்ததும் அரிஜுவுக்குப் போய்விடுவான். ஊரின் பெரிய வீடு அது, செதுக்கிய தூண்கள், பக்கத்தில் ஒரே மரத்தில் குடைந்த பெரிய முரசு. சண்டை, ஊர் எல்லை, வழக்குப் பேச்சு, முன்னோர் கதை எல்லாம் அங்கே அவனுக்குக் கிடைக்கும். நாளைக்கு ஊர்சபையில் உட்கார அங்கேதான் பழக்கம். பெண்களுக்கும் ஓர் இடம் உண்டு, சுகி என்று பெயர். யாராவது ஒரு கைம்பெண்ணின் வீடுதான் அது. இரவில் பெண்கள் அங்கே கூடிப் படுத்துக்கொள்வார்கள். நூல் நூற்பது, நெய்வது, பெரியவர்கள் முன்னால் எப்படி நடப்பது எல்லாம் மூத்த பெண்கள் சொல்லித் தருவார்கள். அரிஜுவிலிருந்து இளைஞர்கள் வருவார்கள், பாட்டுக்குப் பாட்டு நடக்கும், மனசுக்குப் பிடித்தவனைப் பெண் அங்கேதான் கண்டுபிடிப்பாள். பெற்றோர் கண்டுகொள்ள மாட்டார்கள். வெளியாட்கள் இதை எழுதும்போது ஒன்று முகம் சுளிப்பார்கள், இல்லாவிட்டால் நாக்கைச் சப்புக்கொட்டுவார்கள். இரண்டையும் நீ பொருட்படுத்தாதே. தன் துணையைத் தானே பார்த்துத் தேர்ந்துகொள்ளும் உரிமை எத்தனை ஊர்ப் பெண்களுக்கு இருந்தது? என் பாட்டி தன் வாழ்க்கையில் சிரித்துக்கொண்டே சொன்ன பகுதி இதுதான். ஆனால் பார், அந்த வீட்டில் ஊர் எல்லையைப் பற்றி யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை.

துணியைப் பற்றி நீ கட்டாயம் பேச வேண்டும். நம்மில் நெய்வது பெண் மட்டும்தான், ஆண் தறியைத் தொடமாட்டான். தறியின் ஒரு முனை சுவரில், மறுமுனை அவள் இடுப்பில். காட்டு வயலில் போட்ட பஞ்சு, இலையில் எடுத்த நீலம், வேரில் எடுத்த சிவப்பு. சிவப்புச் சாயம் முக்குவது கிழவிகளுக்கு விட்ட வேலை. இளம்பெண் தொட்டால் ரத்தச்சாவு வரும் என்று பயம். இப்படி உயிர்ப்பயத்தோடு நெய்து முடித்த சுங்கோதெப்சு சால்வையை நினைத்துப் பார். சிவப்பும் கறுப்பும் பட்டைகள், நடுவில் ஒரு வெள்ளைப் பட்டை. அந்த வெள்ளையில் மிதுன் மாடு, யானை, புலி, சேவல், மனிதத் தலை என்று வரைகிறார்களே, அந்தப் படத்தை ஓர் ஆண் வரைவான். மரப்பாலோடு அரிசிக் கள்ளும் சாம்பலும் சேர்த்த மையில். தலை எடுத்தவனோ மிதுனைப் பலிகொடுத்து ஊருக்கு விருந்து வைத்தவனோ அதைப் போர்த்திக்கொள்வான். நெய்தவள் போர்த்தக் கூடாது. அருங்காட்சியகங்களில் அதைத் தொங்கவிட்டு 'போர்வீரனின் சால்வை' என்று எழுதி வைத்திருப்பதை நீயும் பார்த்திருப்பாய். நான் அந்தச் சால்வையை வெறுக்கவில்லை, எனக்கு அதைவிட அழகான துணி தெரியாது. ஆனால் 'நம் பாரம்பரியத்தைத் தொடாதே' என்று யாராவது உன்னிடம் சொல்லும்போது இதை நினைவில் வை. அது நம் கையால் நெய்தது. நெய்தவர்களுக்குக் கணக்குக் கேட்கும் உரிமை உண்டு.

இன்னொன்று இருக்கிறது, வீடுகளில் இதைச் சொல்லமாட்டார்கள். புலி அடித்துச் செத்தவர், மரத்திலிருந்து விழுந்து செத்தவர், தண்ணீரில் போனவர், இவர்களை மெனென் என்று ஒதுக்குவார்கள். பிரசவத்தில் செத்தவளும் அந்த வரிசையில்தான். சடங்கு கிடையாது, அவசரமாகப் புதைத்துவிட்டு வீட்டையும் சாமான்களையும் அப்படியே விட்டுப் போவார்கள், மிச்சமிருக்கிற குடும்பத்தின் மேல் பழி ஒட்டிக்கொள்ளும். பிள்ளை பெற்றுக் கொடுக்கப் போய்ச் செத்தவளை, ஊருக்கு ஆகாதவளாகப் பார்த்தார்கள். கிறிஸ்தவச் சபை வந்து மாற்றியவற்றில் இதற்காக மட்டும் நான் முழந்தாளிட்டு நன்றி சொல்வேன்.

சபை மாற்றியது நிறைய. 1872இல் கிளார்க் பாதிரியார் நம் மலைக்கு வந்தார். 1878இல் அவர் மனைவி மேரி மீட் கிளார்க் மொலுங்யிம்சென்னில் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திறந்தார். எனக்கு எழுத்து வந்தது அந்த வழியாகத்தான், உனக்கும்தான். பச்சை குத்துவது நின்றது, கள் நின்றது, சுகி நின்றது. நல்லது கெட்டது இரண்டும் ஒரே கூடையில் போயின. ஆண் உட்கார்ந்திருந்த இடத்தை மட்டும் சபையும் அசைக்கவில்லை. பிரசங்க மேடையில் பெரும்பாலும் யார் நிற்கிறார்கள் என்று அடுத்த ஞாயிறு எண்ணிப் பார்.

ஊர்சபை, நம் புத்து மென்டென், ஆண்களுடையது. குல நிலம் மகனுக்கு, மகன் இல்லாவிட்டால் நெருங்கிய ஆண் உறவுக்கு. 1963இல் நம் நாகாலாந்து மாநிலம் பிறந்தது. முதல் பெண் எம்.எல்.ஏ.க்களைப் பார்க்க 2023 வரை காத்திருந்தோம், ஹெகானி ஜகாலுவும் சல்ஹூதுவோனுவோ குருசேவும். குருசே ஜெயித்தது ஏழு ஓட்டில். இதற்கு நடுவே ரானோ ஷாய்சாவை 1977இல் மக்களவைக்கே அனுப்பியிருக்கிறோம் என்பதுதான் வேடிக்கை. டெல்லிக்குப் பெண் போகலாம், ஊர் விவகாரம் பேசத்தான் கூடாது. நகராட்சியில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு என்றதும் 2017இல் என்ன நடந்தது என்று உனக்கு நினைவிருக்கும், நீ சின்னப் பிள்ளை. திமாப்பூரில் இரண்டு இளைஞர்கள் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள், கோஹிமாவில் நகராட்சி அலுவலகத்தை எரித்தார்கள். அரசியல் சட்டத்தின் 371ஏ நம் வழக்கத்தைக் காக்கிறது, அதில் கை வைக்காதே என்றார்கள். ரோஸ்மேரி துவிச்சுவும் அபெயு மேருவும் 2011இல் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், கடைசியில் 2024 ஜூன் மாதம் அந்த ஒதுக்கீட்டோடு தேர்தல் நடந்தது. வானம் இடிந்து விழவில்லை. நம் டவுனில் குப்பை வண்டி முன்புபோலவே தாமதமாகத்தான் வருகிறது.

இதையெல்லாம் படித்துவிட்டு உனக்குக் கோபம் வரும். வரட்டும். ஆனால் அந்தக் கோபத்தில் டெல்லிக்காரர்கள் முன்னால் நம் ஊரைக் காட்டுமிராண்டி என்கிற மாதிரி பேசிவிடாதே. அவர்களுக்கு அந்த வார்த்தை ஏற்கெனவே வாயில் தயாராக இருக்கிறது. நம் பெண்கள் கேள்வி கேட்டதே இல்லை என்றும் சொல்லாதே. தாங்குல் நாகாக்கள் பக்கம், வேறு ஊருக்கு வாழ்க்கைப்பட்ட பெண்ணுக்குப் புக்ரெய்லா என்று பெயர். இரண்டு ஊரும் சண்டையில் இருக்கும்போது நடுவில் நடந்துபோய் நிறுத்துவாள், அவள் மேல் யாரும் ஆயுதம் ஓங்கக் கூடாது. 1984இல் தொடங்கிய நாகா தாய்மார் சங்கம் பின்னாளில் பட்டாளத்திடமும் தலைமறைவுக் குழுக்களிடமும் இனி ரத்தம் வேண்டாம் என்று போய் நின்றது அந்தத் தைரியத்தில்தான். சமாதானம் பேசப் பெண் வேண்டும், வயல் பேசும்போது வேண்டாமா என்று கேள். அந்தக் கேள்விக்கு நம் பெரியவர்கள் யாரும் எனக்கு இன்னும் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை.

பச்சை குத்திக்கொள்ள வருமுன் ஒரு மாதம் என்னோடு ஊரில் இரு. தறியில் உட்கார். முதல் வாரம் இடுப்பு ஒடியும், பரவாயில்லை. இன்னும் இரண்டு கிழவிகள் இருக்கிறார்கள், கோடு எந்தக் குலத்துக்கு எப்படி வரும் என்று சரியாகச் சொல்லத் தெரிந்தவர்கள். அவர்களைக் கேட்டு எழுதி வை. போனில் படம் பார்த்து எவனோ கடைக்காரன் வேறு குலத்துக் கோட்டை உன் முகத்தில் போட்டுவிட்டான் என்றால் அவர்கள் உன்னைப் பார்த்துச் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன்.

பிறகு, உன் அப்பாவிடம் பேசு. அவனுக்கு மகன் இல்லை. குல நிலம் உன் பெரியப்பா மகன்களுக்குப் போகும், அதை இந்தத் தலைமுறையில் மாற்ற முடியும் என்று உனக்கு ஆசை காட்டமாட்டேன். ஆனால் டவுன் வீடு அவன் சம்பளத்தில் வாங்கியது. சுயமாகச் சம்பாதித்ததை மகளுக்குக் கொடுக்க நம் வழக்கத்திலேயே இடம் உண்டு. வாய்வார்த்தையில் விட்டால் அவன் கண் மூடிய மறுநாள் பத்துப் பேர் பத்து விதமாகப் பேசுவார்கள், எத்தனையோ வீட்டில் பார்த்துவிட்டேன். ஆகவே எழுத்தில், குலத்துப் பெரியவர்கள் கையெழுத்தோடு, அவன் நல்ல உடம்போடு இருக்கும்போதே. கிறிஸ்துமஸுக்கு எல்லோரும் ஒரே வீட்டில் கூடியிருப்பார்கள், அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. உன் பெரியப்பா முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார், பண்டிகை நாளில் இதென்ன பேச்சு என்பார். டீ ஊற்றிக் கொடு. குடித்து முடித்ததும் அதையே மறுபடி கேள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

உன் அத்தை