ஆறாம் ஆண்டுக்கு அப்பால்

ஒவ்வோர் ஆண்டும் சரஸ்வதி பூசையன்று, சிறந்த தேர்ச்சி பெற்ற மாணவர்களுக்கு நமது ஆலயத்தில் பரிசளித்து மகிழ்கிறோம். கேடயம் பெற்றுப் பிள்ளைகள் மேடையிலிருந்து இறங்கும்போது பெற்றோர் கண்கலங்குவதைக் காண்கிறோம். நல்ல காரியம்தான். ஆனால், முப்பது ஆண்டுகளுக்கு மேல் தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகளில் பணியாற்றியவன் என்ற முறையில் ஒன்றை மெய்யன்பர்களின் கவனத்திற்குக் கொண்டுவர விரும்புகிறேன். மேடை ஏறும் பிள்ளை நாம் உதவாவிட்டாலும் பெரும்பாலும் முன்னேறிவிடும். நம் உதவி எந்தப் பிள்ளைக்குத் தேவையோ, அந்தப் பிள்ளை அன்று ஆலயத்திற்கே வந்திருக்காது.

தோட்டப்பள்ளிகள் தோன்றிய விதத்தை இளைய தலைமுறையினர் அறிந்திருக்க மாட்டார்கள். 7 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்று 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. சட்டத்திற்காக ஏற்பட்ட பள்ளிகள் ஆதலால், பல இடங்களில் கொட்டகையே பள்ளி. கிராணியோ கங்காணியோதான் வாத்தியார். நான்கு எழுத்தும் கொஞ்சம் கணக்கும் போதும், பிறகு பால்மரம் இருக்கவே இருக்கிறது என்பது அக்கால நிர்வாகங்களின் எண்ணம். தாத்தா நின்ற நிரையில் தந்தை நின்றார்; தந்தை நின்ற நிரையில் மகன் நின்றான்.

1957இல் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று ஏறத்தாழ 530. தோட்டத் துண்டாடலில் சில மறைந்தன. செம்பனையும் வீடமைப்புத் திட்டங்களும் வந்தபோது மக்கள் இடம்பெயர, வேறு சில மூடப்பட்டன. தொழிலாளர்களின் சிறுசேமிப்பைத் திரட்டித் தோட்டங்களையே வாங்கும் நோக்கத்துடன் 1960இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடக்கினார். ஏழையின் பத்து வெள்ளியும் சேர்ந்தால் என்ன செய்யும் என்பதற்கு அதுவே சான்று.

இப்போது விஷயத்திற்கு வருகிறேன். 2003 முதல் தொடக்கக் கல்வி கட்டாயமாக்கப்பட்டதால், ஆறாம் ஆண்டு வரை பிள்ளைகள் எப்படியும் வந்து சேர்கிறார்கள். கண்டம் அதற்குப் பிறகுதான். ஆறு ஆண்டுகள் தமிழில் படித்த பிள்ளை, இடைநிலைப் பள்ளியில் வரலாறு, புவியியல் என எல்லாவற்றையும் மலாய் மொழியில் படிக்க வேண்டும். யூ.பி.எஸ்.ஆர். தேர்வு இருந்த காலத்தில், மலாய் மொழியில் போதிய தேர்ச்சி இல்லாதவர்கள் படிவம் ஒன்றுக்கு முன் ஓராண்டு புகுமுக வகுப்பில் உட்கார்ந்தார்கள். அந்தத் தேர்வு 2021இல் கைவிடப்பட்டது. ஆனால் மொழியில் தடுமாறும் பிள்ளையின் தவிப்பு அதனோடு போய்விடவில்லை.

1997இல் என்னிடம் ஆறாம் ஆண்டு முடித்த ஒருவனை மறக்க முடியவில்லை. கணக்கில் கெட்டிக்காரன். மறு ஆண்டு பட்டணத்துப் பள்ளிக்குப் போனான். விடியற்காலை ஐந்தரைக்குத் தோட்டத்து லோரி ஏறி, முக்கியச் சாலையில் இறங்கிப் பேருந்து பிடிக்க வேண்டும். பேருந்தைத் தவறவிட்டால் அன்று பள்ளி இல்லை. மூன்றாம் மாதம் அடியோடு நின்றுவிட்டான். வீட்டிற்குப் போய் விசாரித்தேன். “அங்க என்ன சொல்றாங்கன்னே புரியல சார். கேட்டா பசங்க சிரிக்கிறாங்க” என்றான். நான் இரண்டு வாரம் போய்ப் பேசிப் பார்த்தேன். அதன் பிறகு போகவில்லை. அது என் குறைதான். அவன் லோரியில் மூட்டை ஏற்றும் வேலைக்குப் போய்விட்டான்.

இதனால் தமிழ்ப்பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பாதீர்கள் என்று நான் சொல்வதாக யாரும் கொள்ள வேண்டாம். தமிழில் தடையின்றி வாசிக்கும் பிள்ளை மலாய் மொழியையும் விரைவில் பிடித்துக்கொள்வதை வகுப்பில் கண்டிருக்கிறேன். மூன்றாம் ஆண்டு முடிந்தும் எழுத்துக்கூட்டி வாசிக்கும் பிள்ளைதான் இரண்டு மொழியிலும் தவிக்கிறது. அங்கேயே பிடித்து நிறுத்த வேண்டும்.

ஆகவே நமது கல்வி நிதியில் ஒரு பகுதியையாவது கேடயங்களிலிருந்து வேறு பக்கம் திருப்ப வேண்டும் என்பது என் கருத்து. கணினி வாங்கிக் கொடுப்பதிலும் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. பூட்டிய அறையில் பெட்டி பிரிக்காமல் கிடந்த கணினிகளைப் பார்த்தவன் நான். சனிக்கிழமைகளில் ஆலய மண்டபத்தில் மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு வாசிப்பு வகுப்பு, ஆறாம் ஆண்டுக்கும் படிவம் ஒன்றுக்கும் மலாய் மொழி வகுப்பு. ஒரு வாரம் வராத பிள்ளையின் வீட்டிற்கு மறு வாரமே போய்ப் பார்க்க ஓர் ஆள். இவ்வளவுதான் கேட்கிறேன். ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் மூவர் சம்பளமின்றிக் கற்பிக்க முன்வந்துள்ளோம். அன்னதானத்திற்கு நம் ஆலயத்தில் என்றும் குறைவு இருந்ததில்லை. அன்று மிஞ்சும் சாப்பாடே இந்த வகுப்புக்குப் போதும்!

மேலே சொன்ன மாணவனின் மகன் இப்போது ஆறாம் ஆண்டில் படிக்கிறான். வகுப்புக்கு முதலில் பெயர் கொடுத்தது அவன் தந்தைதான். தோட்டத்திலிருந்து பிள்ளைகளை அழைத்து வர வண்டிதான் இன்னும் அமையவில்லை. வண்டிச் செலவை ஏற்க விரும்பும் அன்பர்கள் ஆலய அலுவலகத்தில் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.