பத்துமலைப் பாறையும் பனிக்கண்டமும்

தைப்பூசத்தன்று பத்துமலையில் 272 படி ஏறும்போது நமக்கு மூச்சு வாங்கும். பக்கத்தில் நிற்கிற பாறையை யாரும் கவனிக்க மாட்டோம். அந்தச் சுண்ணாம்புக்கல் சுமார் 400 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் கடலுக்கடியில் உருவானது. அப்போது இந்த நிலம் இங்கே இல்லை. கோண்டுவானா என்ற மாபெரும் கண்டத்தின் ஓரத்தில், இன்றைய ஆஸ்திரேலியாவை ஒட்டி இருந்தது. அண்டார்டிகாவும் அதே கண்டத்தின் ஒரு பகுதிதான். அந்தப் பெயரே மத்திய இந்தியாவில் கோண்டு பழங்குடியினர் வாழும் வட்டாரத்திலிருந்து வந்தது.

இதை எப்படி நம்புவது? லங்காவிக்குப் போங்கள். அங்கே சிங்கா பாறை அடுக்குகளில், மெல்லிய சேற்றுக்கல்லுக்குள் சம்பந்தமே இல்லாத கற்கள் பதிந்து கிடக்கின்றன. கடலில் மிதந்து வந்த பனிக்கட்டிகள் உருகியபோது கீழே விழுந்த கற்கள் அவை. வெயில் கொளுத்துகிற லங்காவியில் பனிக்கட்டி! அதற்குப் பிறகுதான் நம் நிலத்துண்டு கோண்டுவானாவை விட்டு வடக்கே நகர்ந்து வந்தது.

இந்தியாவின் கிழக்குக் கரை அண்டார்டிகாவோடு ஒட்டியிருந்தது. சுமார் 130 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் பிரிந்தது. 1912இல் தென் துருவத்திலிருந்து திரும்பும் வழியில் ஸ்காட்டும் தோழர்களும் குளிரிலும் பசியிலும் இறந்தார்கள். கடைசிவரை தூக்கிப் போடாமல் அவர்கள் இழுத்து வந்த 16 கிலோ கற்களில் குளோசாப்டெரிஸ் என்ற செடியின் இலைப் படிவம் இருந்தது. அதே செடி இந்திய நிலக்கரிப் பாறைகளிலும் கிடைக்கிறது. அண்டார்டிகா ஒரு காலத்தில் பச்சைக்காடு!

தென் அமெரிக்காவும் ஆஸ்திரேலியாவும் விலகியபின் குளிர்ந்த நீரோட்டம் அதைச் சுற்றி வளைத்தது. காற்றில் கரியமில வாயுவும் குறைந்தது. சுமார் 34 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் பனி மூடத் தொடங்கியது. இன்று அதன் பரப்பு 14 மில்லியன் சதுர கிலோமீட்டர். மலேசியாவைப் போல் நாற்பது மடங்குக்கு மேல். அதில் 98 விழுக்காடு பனி, சராசரியாக ஏறக்குறைய 2 கிலோமீட்டர் தடிப்பு. 1983இல் வோஸ்டாக் நிலையத்தில் வெப்பம் மைனஸ் 89.2 டிகிரிக்கு இறங்கியது. ஆனாலும் அது பாலைவனம்தான். உள்பகுதியில் ஓராண்டில் விழும் பனியை நீராக்கினால் 50 மில்லிமீட்டர் வரும். கோலாலம்பூரில் ஒரு பலத்த மழைக்கே அவ்வளவு வந்துவிடும்.

1982இல் ஐ.நா.வில், அண்டார்டிகா ஒரு சில நாடுகளுக்கு மட்டும் சொந்தமாகக் கூடாது என்று குரல் எழுப்பியவர் நம் பிரதமர் மகாதீர். 2011இல் மலேசியாவும் அண்டார்டிகா ஒப்பந்தத்தில் சேர்ந்தது.

அங்கே பனி உருகினால் நமக்கென்ன? பிரிக்பீல்ட்ஸ் கடையில் தே ஓ ஐஸ் வாங்கிப் பாருங்கள். மிதக்கிற ஐஸ் உருகினால் கிளாஸில் மட்டம் ஏறாது. வெளியிலிருந்து ஐஸ் போட்டால்தான் ஏறும். அண்டார்டிகாவின் பனியில் பெரும்பகுதி நிலத்தின்மேல் இருக்கிறது. முழுவதும் கரைந்தால் கடல் 58 மீட்டர் உயரும்; அதற்குப் பல ஆயிரம் ஆண்டுகள் ஆகும். ஆனால் வேகமாகக் கரைந்துவரும் துவைட்ஸ் என்ற ஒரே பனியாறு போனாலே சுமார் 65 சென்டிமீட்டர். கிள்ளான் துறைமுகத்திலிருந்து படகேறி புலாவ் கெத்தாம் போகும்போது, அங்குள்ள வீடுகளின் கால்தூண்களில் பெருக்குநீர் இன்று எதுவரை ஏறுகிறது என்று பாருங்கள். அதற்குமேல் 65 சென்டிமீட்டர் அளந்து பாருங்கள்.