கேட்டபடி விடை தரும் அறிக்கைக் கருவி

ஊராட்சியின் வரவு செலவுகள் இந்நாளில் இணையச் செயலியில் பதிவாகின்றன. பதிவானவற்றை அங்கத்தினர் வேண்டியவாறு எடுத்துப் பார்க்க இயலாவிடின், அது பேரேட்டைப் பெட்டியில் வைத்துப் பூட்டியதற்கு ஒப்பாகும். ஆதலின் அறிக்கை தரும் கருவியைத் தேர்ந்தெடுத்தல் கணினி அறிந்தோர்க்கு மட்டும் உரிய அலுவல் அன்று.

வீட்டு வரியின் கேட்பு, வசூல், நிலுவைப் பட்டியலை எடுத்துக்கொள்வோம். படிவம் மாறாதெனின், முன்னரே வடிவமைத்து அச்சிடும் ஜாஸ்பர் ரிப்போர்ட்ஸ் போன்ற கருவி போதும். "மூன்றாம் வார்டில் இரண்டு அரையாண்டுக்கு மேல் நிலுவை உள்ளோர் எத்தனை பேர்?" என ஒருவர் எழுந்து கேட்டால், படிவத்தில் இடம் வைத்திராத அக்கேள்விக்கு அதனிடம் விடை இராது. வார்டு, காலம், தொகை எனக் கேட்போரே மாற்றிப் பார்ப்பதற்கு மெட்டாபேஸ், அப்பாச்சி சூப்பர்செட் ஆகியவை ஏற்றவை. இவற்றை உரிமக் கட்டணமின்றிப் பெறலாம். ஆயினும் சர்வருக்கும் அதைப் பேணுவோருக்கும் செலவு உண்டு. இலவசமாக வந்த கன்றுக்கும் தீவனம் வேண்டுமல்லவா?

நாம் சென்றிருந்த ஒரு கிராம சபையில், முதல் நாளே வரி செலுத்தி ரசீதும் வைத்திருந்த மூதாட்டியின் பெயர் நிலுவைப் பட்டியலில் வாசிக்கப்பட்டது. சர்வரின் பளுவைக் குறைக்க இரு நாட்களுக்கு முன் எடுத்த நகலிலிருந்து கருவி கணக்கிட்டிருந்தது. எந்நாள்வரையிலான கணக்கு என்று தாளில் குறிப்பில்லை. கருவியை ஏற்றபோது நாமும் அதைக் கேட்கத் தவறினோம். அம்மூதாட்டி ரசீதை உயர்த்திக் காட்டியவாறு நின்றது இன்றும் நம் கண்முன் உள்ளது. ஒவ்வொரு அறிக்கையின் தலைப்பிலும் நாளும் மணியும் அச்சாதல் வேண்டும். கூட்டுத்தொகையைத் தொட்டால் அதனுள் அடங்கிய ரசீதுகள் விரிதலும் வேண்டும்.

தமிழ் அச்சிலும் கவனம் தேவை. 'கோ' என்பதில் குறிகள் ககரத்தின் இருபுறமும் நிற்கும். எழுத்துக்களை முறைப்படி கோக்கத் தெரியாத கருவி அவற்றை இடம் மாற்றிவிடும். கோவிந்தசாமியின் பெயரை எவரும் படிக்க இயலாது. குரோம், பயர்பாக்ஸ் உலாவிகளில் இதற்கென ஹார்ஃப்பஸ் என்னும் நிரல் உள்ளது. ஆகவே அறிக்கையை உலாவியில் காட்டி, அங்கிருந்தே அச்சிடுதல் நலம்.

விற்போர் கொணரும் மாதிரிக் கணக்கை ஒதுக்கிவிடுக. நம் ஊராட்சியின் ஓராண்டுக் கணக்கை ஏற்றி, ஊராட்சிச் செயலரைக் கொண்டே ஒரு வாரம் இயக்கிப் பார்க்க வேண்டும். கைப்பேரேட்டின் கூட்டுத்தொகையோடு ஒவ்வாவிடில், காரணம் விளங்கும்வரை பணம் கொடுத்தலாகாது.