நிவாரணப் பணியில் கணக்கின் இடம்
திட்டமிடல், கண்காணித்தல், மதிப்பிடுதல் பற்றிய ஒரு பாடம்

புயலோ, வெள்ளமோ, கொள்ளைநோயோ நேர்ந்த இடத்தில் முதலில் எழுவது இரக்கம். அதனைத் தொடர்ந்து எழுவது செயல். அரிசி மூட்டைகள் ஏற்றப்படுகின்றன, மருந்துப் பெட்டிகள் அனுப்பப்படுகின்றன, கம்பளிகள் வழங்கப்படுகின்றன. சில வாரங்கள் கழிந்தபின் எழுதப்படும் அறிக்கையில் இத்தனை மூட்டை, இத்தனை பெட்டி, இத்தனை கம்பளி என்ற கணக்கு காணப்படும். அக்கணக்கு பிழையற்றதாகவே இருக்கலாம். ஆயினும், துன்புற்ற மக்களின் நிலை அப்பொருள்களால் எவ்வளவு சீர்பட்டது என்னும் வினாவிற்கு அதில் விடை இராது.

கொடுத்த பொருளை எண்ணுவது வேறு. விளைந்த பயனை அளப்பது வேறு. நிவாரணப் பணியில் ஈடுபடும் ஊழியர் முதலில் உணரவேண்டிய வேறுபாடு இதுவே. பயனை அளப்பதற்கு மூன்று செயல்கள் தேவைப்படுகின்றன. என்ன செய்யவேண்டும், எந்நேரத்திற்குள் செய்யவேண்டும் என்று முன்னரே வகுப்பது திட்டமிடல். செய்யப்படுவது உரியவரைச் சென்றடைகிறதா என்று நாள்தோறும் பார்ப்பது கண்காணித்தல். செய்ததனால் என்ன மாறியது என்று ஆராய்ந்து அடுத்த முறைக்கு வழி காண்பது மதிப்பிடுதல். இம்மூன்றும் தனித்தனிப் பணிகள் போலத் தோன்றினும், ஒரே கணக்கேட்டின் மூன்று பக்கங்களே ஆகும்.

திட்டமிடல்: ஒடிசாக் கடற்கரையின் படிப்பினை

1999 அக்டோபர் 29-ஆம் நாள் ஒடிசா மாநிலத்தில் பாரதீப் துறைமுகத்தின் அருகே பெரும்புயல் ஒன்று கரையைக் கடந்தது. காற்றின் வேகம் மணிக்குச் சுமார் 260 கிலோமீட்டர். கடல்நீர் ஐந்தாறு மீட்டர் உயரம் எழும்பி நிலத்தினுள் புகுந்தது. ஏறத்தாழ 10,000 பேர் மாண்டனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் ஜகத்சிங்பூர் மாவட்டத்தைச் சேர்ந்தவர்கள்.

அப்புயல் எவரும் எதிர்பாராது வந்ததன்று. வானிலைத் துறை எச்சரிக்கை விடுத்திருந்தது. ஆனால் எச்சரிக்கையைக் கேட்ட குடியானவன் எங்கே செல்வது, எவ்வழியாகச் செல்வது, எப்போது புறப்படுவது என்பவை பெரும்பாலான ஊர்களில் வகுக்கப்பட்டிருக்கவில்லை. நெடிய அக்கடற்கரையில் புயல் புகலிடக் கட்டடங்கள் இருபதுக்குச் சற்று மேற்பட்டவையே இருந்தன. செய்தி சென்றது, செய்தியின்படி நடப்பதற்கான வழி இல்லை.

அதே ஆண்டு டிசம்பரில் ஒடிசா அரசு பேரிடர்ப் பணிக்கென ஒரு தனி அமைப்பை நிறுவியது. தூண்களின்மேல் உயர்த்திக் கட்டப்பட்ட புகலிடங்கள் ஆண்டுதோறும் பெருகின. பின்னாளில் அவற்றின் எண்ணிக்கை எண்ணூறைக் கடந்தது. அவற்றுட் பல, மற்ற நாட்களில் பள்ளிக்கூடமாகப் பயன்படுகின்றன. நாள்தோறும் மக்கள் புழங்கும் கட்டடமே ஆபத்துக் காலத்தில் பூட்டுத் திறவாமலும் பழுதுபட்டும் கிடக்காது என்பது இதன் கருத்து. ஊர்தோறும் குழுக்கள் அமைக்கப்பட்டு, ஒத்திகைகளும் நடத்தப்பட்டன.

2013 அக்டோபர் 12-ஆம் நாள் இரவு கோபால்பூரின் அருகே பைலின் என்னும் புயல் கரையேறியது. காற்றின் வேகம் மணிக்கு 200 கிலோமீட்டரை ஒட்டியிருந்தது. அதற்கு முன்னரே சுமார் 10 லட்சம் மக்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் சேர்க்கப்பட்டிருந்தனர். அம்மாநிலத்தில் இறந்தோர் தொகை ஐம்பதுக்கும் குறைவு.

இவ்வாறு மக்களை அப்புறப்படுத்துவதில் திட்டமிடல் என்பது பின்னோக்கி எண்ணும் கணக்கே ஆகும். ஓர் உதாரணத்தால் இதனை விளக்கலாம். கரையோரச் சிற்றூர் ஒன்றில் 1,200 பேரை வெளியேற்றவேண்டும் எனக் கொள்க. கிடைக்கும் பேருந்துகள் மூன்று. ஒவ்வொன்றும் ஒரு தடவைக்கு 50 பேரை ஏற்றும். ஏற்றி, இறக்கி, திரும்பிவர இரண்டு மணி நேரமாகும். ஒரு சுற்றுக்கு 150 பேர் வீதம் எட்டுச் சுற்றுகள். அதாவது 16 மணி நேரம். புயல் கரையைத் தொடுமுன் கடைசி 6 மணி நேரத்தில் பலத்த காற்றினால் பேருந்தை ஓட்ட இயலாது என்று கொண்டால், புயல் கரையேறுவதற்கு 22 மணி நேரத்திற்கு முன்னரே முதல் பேருந்து புறப்பட்டாகவேண்டும்.

வானிலைத் துறை தன் எச்சரிக்கைகளைப் படிப்படியாக வெளியிடுகிறது. பொதுவாக, மோசமான வானிலை தொடங்குவதற்கு 48 மணி நேரத்திற்கு முன் ஓர் அறிவிப்பும், 24 மணி நேரத்திற்கு முன் அதனினும் திட்டமான மற்றோர் அறிவிப்பும் வருகின்றன. மேற்கூறிய ஊரில் இரண்டாம் அறிவிப்பிற்குப் பின்னரே ஓட்டுநரைத் தேடத் தொடங்கினால், கடைசிச் சுற்றுக்குரிய 150 பேர் பெரும்பாலும் ஊரிலேயே நின்றுவிடுவர். எனவே அவ்வூரின் திட்டத்தில் பேருந்து ஏற்பாடு முதல் அறிவிப்போடு இணைக்கப்படவேண்டும். முதியோர், கருவுற்ற பெண்கள், கைக்குழந்தையுடையோர், நடக்க இயலாதவர் ஆகியோரின் பெயர்ப் பட்டியல் மழைக்காலத்திற்கு முன்னரே ஆயத்தமாயிருந்தால், முதற்சுற்றில் ஏறவேண்டியவர் யார் என்பதில் ஐயம் எழாது.

கண்காணித்தல்: சராசரி மறைக்கும் உண்மை

புயல் கடந்தபின் வீடிழந்தோர் முகாம்களில் தங்க நேரிடுகிறது. 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம், நிவாரணத்தின் குறைந்தபட்ச அளவுகளை வகுக்குமாறு தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தைப் பணிக்கிறது. அவ்வாணையம் வகுத்த அளவின்படி முகாமில் ஒருவருக்கு 3.5 சதுர மீட்டர் இடமும், முப்பது பேருக்கு ஒரு கழிப்பிடமும் வேண்டும். குடிக்கவும், சமைக்கவும், உடல் தூய்மைக்குமாக ஒருவருக்கு நாளொன்றுக்கு 15 லிட்டர் நீர் வேண்டும் என்பது உலகெங்கும் நிவாரணப் பணியாளர் பின்பற்றும் அளவு. ஆகவே 600 பேர் தங்கும் முகாமிற்கு 2,100 சதுர மீட்டர் இடமும், 20 கழிப்பிடங்களும், நாள்தோறும் 9,000 லிட்டர் நீரும் தேவை.

அம்முகாமிற்கு நாள்தோறும் 9,000 லிட்டர் நீர் தண்ணீர் லாரியில் வந்து சேர்கிறது என்று கொள்க. பதிவேட்டில் இலக்கு நிறைவேறியதாகவே குறிக்கப்படும். ஆயினும் ஓர் ஊழியர் கூடாரம் கூடாரமாகச் சென்று, நேற்று எத்தனை குடம் நீர் பிடித்தீர்கள் என்று கேட்டால் வேறொன்று வெளிப்படலாம். குழாயருகில் உள்ள 300 பேர் ஆளுக்கு 22 லிட்டரும், தொலைவில் உள்ள 300 பேர் ஆளுக்கு 8 லிட்டரும் பெற்றிருக்கக்கூடும். முன்னவர் பெற்றது 6,600, பின்னவர் பெற்றது 2,400, கூட்டுத்தொகை 9,000. சராசரியோ மிகச் சரியாக 15! கணக்கு பொய்யன்று, எனினும் முகாமில் பாதிப்பேர் நீர்ப் பஞ்சத்தில் இருக்கின்றனர். முதலில் வயிற்றுப்போக்குத் தோன்றுவதும் அவர்களிடையேதான் இருக்கும்.

இதனைக் கண்டறியப் பெருஞ்செலவு வேண்டுவதில்லை. முகாமின் ஒவ்வொரு பகுதியிலிருந்தும் சில குடும்பங்களைச் சீட்டுக் குலுக்கி எடுத்து, நாள்தோறும் மூன்று நான்கு வினாக்கள் கேட்டுக் குறித்தாலே போதும். விடைகளைப் பகுதி வாரியாகவும், ஆண், பெண், குழந்தை, முதியோர் என்ற வகை வாரியாகவும் பிரித்து எழுதவேண்டும். கழிப்பிடங்கள் எத்தனை உள்ளன என்பதோடு, இருட்டியபின் பெண்கள் அவற்றிற்குச் செல்கின்றனரா என்பதையும் பெண் ஊழியர் வாயிலாகக் கேட்டறிதல் வேண்டும். விளக்கில்லாத கழிப்பிடம் பதிவேட்டில் மட்டுமே கழிப்பிடம்.

மற்றொரு விதியும் நினைவிற்கொள்ளத்தக்கது: எந்தத் தொகையையும் அது எத்தனை பேருக்குள் நேர்ந்தது என்று பார்க்காமல் எடைபோடலாகாது. இரண்டு முகாம்களில் ஒரே வாரத்தில் ஏழேழு பேர் இறந்தனர் என்று கொள்க. முதல் முகாமில் 20,000 பேர். இரண்டாவதில் 5,000 பேர். முதல் முகாமின் இறப்பு வீதம் நாளொன்றுக்குப் பதினாயிரவருக்கு 0.5, இரண்டாவதன் வீதம் 2. நாளொன்றுக்குப் பதினாயிரவருக்கு ஓர் இறப்பு என்னும் எல்லையைத் தாண்டினால் நெருக்கடி நிலை என்று கருதுவது நெடுநாளைய வழக்கம். அதன்படி இரண்டாவது முகாமிற்கே மருத்துவர் முதலில் விரையவேண்டும். முகாமில் எத்தனை பேர் உள்ளனர் என்ற எளிய கணக்கு இல்லையெனில் இம்முடிவை எட்ட இயலாது.

மதிப்பிடுதல்: பன்காவ் முகாமின் சான்று

1971-ஆம் ஆண்டில் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து சுமார் ஒரு கோடி மக்கள் அகதிகளாக இந்தியாவிற்குள் வந்தனர். மேற்கு வங்காளத்தின் எல்லையிலுள்ள பன்காவ் என்னும் ஊரில் காலரா பரவியது. மருத்துவமனையின் தரை முழுவதும் நோயாளிகள் கிடந்தனர். இரத்தக்குழாய் வழியாகச் செலுத்தும் உப்புநீர் விரைவில் தீர்ந்துபோகும் நிலை ஏற்பட்டது. அதனைச் செலுத்தப் பயிற்சி பெற்றவரும் சிலரே.

அங்குப் பணியாற்றிய மருத்துவர் திலீப் மகாலநாபிஸ், வாய்வழியே நீரூட்டும் முறையைக் கையாண்டார். ஒரு லிட்டர் நீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சாதாரண உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா என்ற அளவில் பொட்டலங்கள் தயாரிக்கப்பட்டன. குளுக்கோஸ் உடனிருக்கும்போது குடலானது உப்பையும் நீரையும் உறிஞ்சிக்கொள்ளும் என்பதே இதன் அடிப்படை. கரைசலை நோயாளியின் தாயோ, தந்தையோ, உடன்பிறந்தவரோ ஊட்டினர். முன்னர் நூற்றுக்கு முப்பது வரை இருந்த இறப்பு, நூற்றுக்கு 3.6 ஆகக் குறைந்தது. (தற்காலத்தில் கிடைக்கும் பொட்டலங்களின் கலவை 2002-ஆம் ஆண்டில் திருத்தப்பட்டது, களப்பணியாளர் அப்பொட்டலங்களையே பயன்படுத்துதல் வேண்டும்.)

அந்நெருக்கடியிலும் சிகிச்சை பெற்றோர் எத்தனை பேர், இறந்தோர் எத்தனை பேர் என்று எழுதிவைக்கப்பட்டது என்பதே இங்குக் கருதத்தக்கது. 3,700-க்கு மேற்பட்ட நோயாளிகளைப் பற்றிய அக்கணக்கு 1973-இல் மருத்துவ இதழொன்றில் வெளியாயிற்று. இத்தனை ஆயிரம் பொட்டலங்கள் வழங்கப்பட்டன என்று மட்டும் எழுதப்பட்டிருந்தால், அச்செயல் ஒரு முகாமின் நற்செயலாகவே முடிந்திருக்கும். இறப்பு வீதம் எழுதப்பட்டதனால் அது பிற நாடுகளுக்கும் சான்றாயிற்று.

மதிப்பீட்டில் நேர்மையும் வேண்டும். 1999-இன் புயலும் 2013-இன் புயலும் ஒரே வலிமையுடையன அல்ல; கரையேறிய இடமும் வேறு. ஆகவே இறப்புத் தொகையில் காணும் வேறுபாடு முழுவதையும் திட்டத்தின் வெற்றி என்று கூறிவிடலாகாது. எனினும் பத்து லட்சம் பேர் கடல்நீர் புகும் இடத்தில் அன்றிரவு இருக்கவில்லை என்பது எண்ணித் தெளிந்த உண்மை. அதுபோலவே, 2019 மே 3-ஆம் நாள் பூரியின் அருகே கரையேறிய பானி புயலின்போது 12 லட்சத்திற்கு மேற்பட்டோர் அப்புறப்படுத்தப்பட்டனர். ஆயினும் 64 பேர் உயிரிழந்தனர். பல இடங்களில் மின்சாரம் வாரக்கணக்கில் இல்லை. உயிர்களைப் பெரிதும் காத்த திட்டம் வீடுகளையும் மின்கம்பங்களையும் காக்கவில்லை. இவ்வாறு எஞ்சிய குறையைச் சுட்டுவதே மதிப்பீட்டின் பயன். குறையை மறைக்கும் அறிக்கை அடுத்த புயலின்போது மக்களுக்கு உதவாது.

பள்ளியில் செய்யத்தக்கவை

கரையோரங்களில் பள்ளிக்கூடமே புகலிடமாகும் இடங்கள் பல. ஆதலால் ஆசிரியர் தம் வகுப்பினைக் கொண்டே பின்வரும் பணிகளைச் செய்விக்கலாம். மாணவர் பள்ளியின் அறைகளை அளந்து, அதில் எத்தனை பேர் தங்க இயலும் என்று கணக்கிடுக. தம் தெருவிலிருந்து பள்ளிக்கு வர ஒரு பாட்டிக்கு எத்தனை நிமிடமாகும் என்று உடன் நடந்து குறித்து வருக. கைப்பம்பு ஒரு நிமிடத்தில் எத்தனை லிட்டர் நீர் தருகிறது என்று குடத்தால் அளந்து எழுதுக. இவ்வெண்களை ஒரு தாளில் தொகுத்து, ஊராட்சி அலுவலகத்தில் கொடுத்து வைத்தால் அது அவ்வூருக்குரிய திட்டத்தின் முதற்பக்கமாகும்.

பயிற்சி வினாக்கள்

1. ஓரூரில் 2,100 பேரை அப்புறப்படுத்தவேண்டும். நான்கு பேருந்துகள், ஒவ்வொன்றிலும் 60 பேர், சுற்று ஒன்றிற்கு 3 மணி நேரம். கடைசி 6 மணி நேரத்தில் பேருந்து ஓடாது. புயல் கரையேறுவதற்கு எவ்வளவு நேரத்திற்கு முன் பணி தொடங்கவேண்டும்?

2. 12,000 பேர் உள்ள முகாமில் ஒரு நாளில் 60 பேருக்கும், 3,000 பேர் உள்ள முகாமில் அதே நாளில் 30 பேருக்கும் வயிற்றுப்போக்குக் கண்டது. முதலில் கவனிக்கவேண்டிய முகாம் எது? ஏன்?

3. “500 குடும்பங்களுக்குக் கொசுவலை வழங்கப்பட்டது” என்னும் வாக்கியம் பொருளின் கணக்கா, பயனின் கணக்கா? பயனை அறிய எவ்வினாக்களைக் கேட்கவேண்டும்?

விடைகள்: (1) ஒரு சுற்றுக்கு 240 பேர், ஒன்பது சுற்றுகள், 27 மணி நேரம், ஆகவே 33 மணி நேரத்திற்கு முன். (2) இரண்டாவது முகாம். முதலாவதில் ஆயிரவருக்கு 5 பேர், இரண்டாவதில் ஆயிரவருக்கு 10 பேர். (3) பொருளின் கணக்கு. நேற்றிரவு வலையின்கீழ் உறங்கியவர் யார், குழந்தைகள் உறங்கினரா, காய்ச்சல் கண்டவர் தொகை குறைந்ததா என்று கேட்கவேண்டும்.